கம்பத்திலிருந்து ஒரு ஒயர்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று அறியக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. மூலைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். வீட்டுக்குள் போகிற ஒயர் ஒன்று என்றால் அடுப்பும் ஒன்று. இரண்டு என்றால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டது. மூன்று என்றால் பெற்றவர்களை யார் வைத்துக்கொள்வது என்று இழுபறி நடக்கிறது. கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்தவன் கேபிளுக்குத் தனியாக இழுப்பான், பிறகு நெட்டுக்கு. பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

என் மரவாடிக்கு நேர் எதிரே மூன்று அடுக்காக நிற்கிறதே, அந்த வீட்டுக்குத்தான் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். அந்த வீட்டுக்குள் எது போனாலும் ஒன்றாகத்தான் போனது. ஒரு மீட்டர், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நெட் ஒயர், ஒரு சமையல். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகி, ஆளுக்கு ஒரு மாடி என்று ஆன பிறகும் அப்படித்தான். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

தங்கையின் கணவர் கம்பி கட்டும் மேஸ்திரி. தளம் போடுவதற்கு முன்னால் இரும்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சந்திக்கிற இடமெல்லாம் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவார்களே, அந்த வேலை. குனிந்த முதுகும், வெயிலில் சுடுகிற கம்பியும், கையில் ஒரு கொக்கியுமாக ஆயுசில் பாதியைக் கழித்தவர். தெருவில் அவருக்கு ‘இரும்பு’ என்று பேர். வாலிபத்தில் அவர் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில், தாங்கி நின்ற முட்டுக் கழிகளை எடுத்த மறுநாள் காலை தளம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கம்பியைக் குறைத்துக் கட்டச் சொன்னவர் எங்கோ இருந்தார். கீழே படுத்திருந்தவர் மேஸ்திரியின் கூட்டாளி. அதைப் பற்றி இவர் யாரிடமும் விரித்துப் பேசியதில்லை. ஆனால் சொந்த வீடு கட்டும்போது, மற்றவர்கள் ஒரு சாண் விடுகிற இடத்தில் நான்கு விரல் விட்டுக் கம்பி கட்டினார். அதுவும் இரண்டு அடுக்கு. சுவருக்குள்ளும் கம்பி.

பார்க்க வந்த இஞ்சினியர், “என்ன மேஸ்திரி, வீடா கட்டுறீங்க, லாக்கரா?” என்று கேட்டாராம்.

“உள்ள இருக்கப்போறது அதைவிட உசத்தி சார்” என்றாராம் இவர்.

மாடிப்படி வீட்டின் முகப்பில், தெருவைப் பார்த்து ஏறும். ஒவ்வொரு மாடிக்கும் படி முடிகிற இடத்தில் இரும்புத் தகட்டுக் கதவு, கீழ் வாசலிலும் ஒன்று. கீழே மேஸ்திரியும் தங்கையும். முதல் மாடியில் பெரியவன். டயர் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். இரண்டாம் மாடியில் சின்னவன். ஆஸ்பத்திரி லேபில் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அவன் மனைவிதான் இந்தக் கதைக்கு உரியவள்.

சின்ன மருமகளின் வேலை மொழிபெயர்ப்பு. எங்கோ தூர தேசத்து ஆஸ்பத்திரியில், நம் மொழி மட்டும் தெரிந்த ஒருவர் படுத்திருப்பார். டாக்டருக்கு நம் மொழி தெரியாது. இருவருக்கும் நடுவில் இவள், இரண்டாம் மாடி மேஜையில், லேப்டாப்பைத் திறந்து வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் சொன்னதை இவருக்கு, இவர் சொன்னதை அவருக்கு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அறையில் வேறு ஆள் இருக்கவே கூடாது. அது அந்த வேலையின் முதல் சட்டம். நோயாளியின் ரகசியம் என்று கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். தங்கை டீ கொண்டுபோனால் வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். படிப்பில் கெட்டிக்காரி. அந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பையே பார்த்தேன் என்று தங்கை சொல்லுவாள்.

நெட் பெட்டி கீழ் ஹாலில் இருந்தது. முதல் மாடிக்கு ஏதோ போகும். இரண்டாம் மாடிக்குப் போனது, தண்ணீர் நின்ற குழாயில் காற்று வருவது மாதிரிதான். செல்போனும் அந்த வீட்டுக்குள் எடுக்காது. பேசுவதென்றால் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் மரவாடியில் அறுப்பு வேலையை நிறுத்திவிட்டு நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. சின்ன மருமகள் பாதிப் படியில் நின்றாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

“மாமா, கட் ஆயிடுச்சு.”

“கரண்டாம்மா?” என்றார் மேஸ்திரி.

“லைன் மாமா. ஒரு அம்மா பேசிக்கிட்டிருந்தாங்க. டாக்டர் ரிசல்ட்டைச் சொன்னார். நான், ‘அம்மா, உங்க ரிப்போர்ட் வந்திருக்கு, அதுல’ன்னேன். அதோட போயிடுச்சு.”

“மறுபடி கூப்பிட்டுச் சொல்லிட வேண்டியதுதானே?” என்றேன்.

“நாம கூப்பிட முடியாது பெரியப்பா. அந்த அழைப்பு வேற மொழிபெயர்க்கறவங்க யாருக்காவது போகும். போகாமலும் இருக்கும்.”

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். “நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

“அதைச் சொல்லக் கூடாது அத்தை.” கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். “அதுலன்னு சொல்லி நிறுத்திட்டேன்” என்று இன்னொரு முறை சொன்னாள். பிறகு ஏறிப் போய்விட்டாள்.

இப்படி அறுந்தது அது முதல் தடவை அல்ல. சாயங்காலமே அவளுடைய மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பாதியில் அறுந்தால் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

அன்று சாப்பிடும்போது சின்னவன் பேச்சை எடுத்தான். “மேல தனி லைன் ஒண்ணு போட்டா இன்னிக்கே முடிஞ்சுது விஷயம். கம்பத்துலேருந்து நேரா ரெண்டாம் மாடிக்கு.”

மேஸ்திரியின் கை சோற்றில் நின்றது. “என்னைத் தூக்கிட்டுப் போன பிறகு போட்டுக்க.”

“அப்பா, இது நெட்டுப்பா. சொத்து இல்ல.”

“தெருவுக்கு ஒயர்தான் தெரியும். உள்ள என்ன ஓடுதுன்னு யார் பாக்கறான்? என்ன மச்சான்?”

“மாப்பிள்ளை சொல்றது சரி” என்றேன். இன்றும் அதில் தவறில்லை என்றுதான் சொல்வேன். ஒரு வீட்டின் பேர் ஒரு நாளில் வருவதில்லை.

சின்ன மருமகள் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, “ஒரே பெட்டி மூணு மாடிக்கும் எடுத்தா எனக்குப் போதும் மாமா. எது நம்பி வாங்கலாமோ அதை வாங்குங்க” என்றாள்.

மறுநாள் மேஸ்திரி, சின்னவன், நான் மூவரும் நெட் கடைக்குப் போனோம். கடைக்காரர் பக்கத்துப் பேட்டைக்காரர், வாய் நீளம். உட்கார வைத்து டீ சொன்னார்.

“எத்தனை மாடி?”

“மூணு.”

“தளம் எப்படிங்க?”

மேஸ்திரி சொன்னார். எத்தனை விரல் இடைவெளி, எத்தனை அடுக்கு, சுவருக்குள் எப்படி மடக்கிவிட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னார். தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டு நாளாகியிருந்தது. கடைக்காரர் டீயை மேஜையில் வைத்துவிட்டார்.

“ஐயா, இவ்வளவு இரும்பைத் தாண்டிச் சிக்னல் போகாது. இதுக்கு ரூட்டர் வேணாம். வெடிதான் வேணும்.”

சின்னவன் சிரித்துவிட்டான். மேஸ்திரி சிரிக்கவில்லை.

“நம்பகமா ஒண்ணு சொல்லுங்க” என்றேன்.

“நம்பகம்னா மேல தனி லைன்.”

“அது வேணாம்.”

“சரி, படிக்கட்டு வழியா ஒயர் ஏத்தி மேல ஒரு பெட்டி வைக்கலாம். அதுவும் கல்லு மாதிரி நிக்கும்.”

“படிக்கட்டு தெருவைப் பாத்து இருக்கு.”

“இருந்தா?”

அவருக்கு அது புரியவில்லை. எங்கள் தெருக்காரர் இல்லையே.

மேஸ்திரி எழுந்து அலமாரி முன்னால் போய் நின்றார். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தார். நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டார்.

“இதுல எடையே இல்லையே.”

“ஐயா, இது காத்துல போற சமாச்சாரம். எடை பாத்து வாங்கறதில்ல.”

“எடை இல்லாத பொருள் எதையும் தாங்காது தம்பி.”

கடைசியில், இருந்ததிலேயே கனமான கறுப்புப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு ஆறு கொம்பு. பார்த்தால் மல்லாந்து விழுந்த வண்டு மாதிரி இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை வெளியே திருப்பிக்கொண்டேன். மாப்பிள்ளை ஒன்றைக் கையில் எடுத்துவிட்ட பிறகு கடையில் வைத்து மறுத்துப் பேசுவது எங்கள் பழக்கம் இல்லை.

கீழ் ஹாலில் அது கம்பீரமாகத்தான் உட்கார்ந்தது. கீழே வேகம் பறந்தது. இரண்டாம் மாடியில் பழைய கதையே. பெரியவன் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “ஆறு கொம்பு இருந்து என்ன? மாடி ஏற மாட்டேங்குதே” என்றான்.

“உன் கடை டயரைவிட நல்லாத்தான் ஓடும், இருடா” என்றார் மேஸ்திரி. ஓடவில்லை.

பிறகு கடைக்காரர் ஒரு சின்ன ரிப்பீட்டரைக் கொடுத்தார். கீழேயிருந்து வருகிற சிக்னலை வாங்கி மேலே தள்ளும். முதல் மாடிக் கதவுக்கு உட்புறம் மாட்டினோம். அது வேலை செய்தது. ஒரு நிபந்தனை: மூன்று இரும்புக் கதவுகளும் பகல் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கதவுக்கு ஒரு செங்கல் என்று முட்டுக் கொடுத்தார்கள். தெருப் புழுதி மூன்று மாடிக்கும் ஏறியது. ஒரு பூனை குடிவந்தது. தங்கை ஒரு நாளைக்குப் பலமுறை கூட்டினாள். ஆனால் முகத்தில் தெம்பு இருந்தது. மேலே சின்ன மருமகளின் குரல் இடைவிடாமல் கேட்டது, வார்த்தை புரியாது, ஒரு ஓட்டம் மட்டும் கேட்கும்.

பிரச்சினை கதவில் வந்தது. பெரிய மருமகளிடம் அளவு கொடுக்கப் பெண்கள் வருவார்கள். அளவெடுக்கும்போது அவள் கதவைச் சாத்தினாள். மேலே லைன் திக்கியது. சின்ன மருமகள் ஓடி வந்தாள்.

“அக்கா, யாரு கதவைச் சாத்தினது?”

“நான்தான். ஒரு பொம்பளை ஜாக்கெட்டைக் கழட்டிட்டு நிக்கறா. தெருவைப் பாத்து நில்லுன்னா சொல்றது?”

“ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாத்தக் கூடாதா? அங்க குரலே தண்ணிக்குள்ளேருந்து வர மாதிரி ஆயிடுச்சு.”

“நீ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. உன்கிட்ட எப்படிச் சொல்ல? தபாலா போடணும்?”

“உங்களுக்கு ஒரு ஜாக்கெட். எனக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“சொல்லு. எனக்கு ஜாக்கெட்டுதான். அதுல என்ன கேவலம்?”

“கேவலம்னு சொல்லலைக்கா.”

“சொல்ல வந்தே.”

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தங்கை நடுவில் நின்று, “கதவை நான் பாத்துக்கறேன்” என்றாள். அவள் படியில் காவலுக்கு உட்காருவதைப் பார்த்து நான் மரவாடிக்குத் திரும்பினேன்.

அடுத்து மூன்று பெட்டி கொண்ட ஒரு செட் வந்தது. மாடிக்கு ஒன்று, ஒன்றோடொன்று தாங்களாகவே பேசிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். பேசிக்கொள்ளவில்லை. “நம்ம தெரு அண்ணன் தம்பிங்க மாதிரி” என்றான் பெரியவன். மேஸ்திரி முறைத்தார். பெட்டிகள் திரும்பிப் போயின. பழைய ரிப்பீட்டரும் செங்கல்லும் மீண்டும் வந்தன.

“வீட்டுக்கு உள்ளாறயே ஒயர் ஏத்தலாம் ஐயா” என்றார் கடைக்காரர். “ஹால் மூலையில தளத்தை விரல் கனத்துக்குத் துளைச்சு நேரா மேல கொண்டுபோயிடலாம். வெளியில யார் கண்ணுலயும் படாது.”

மேஸ்திரியின் முகம் தெளிந்தது. “அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? நானே துளைக்கறேன். கட்டினவனுக்குத் தெரியாதா எங்க கம்பி இருக்குன்னு.”

அன்று வெயில் கொளுத்தியது. ஹாலில் இருந்த சாமான்களை ஒதுக்கி, இரண்டு டிரம்மின் மேல் பலகை போட்டு ஏறி நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. சாக்பீஸால் கூரையில் கோடு போட்டார். கண்ணை மூடி, விரலை மடக்கி, தான் அன்றைக்கு நின்று கட்டிய இடத்தை மனதுக்குள் அளந்தார். “இங்க” என்று ஒரு புள்ளி வைத்தார்.

டிரில் அலறியது. வெள்ளைத் தூள் அவர் புருவத்திலும் மீசையிலும் படிந்தது. கொஞ்ச தூரம் போனது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம். கம்பி.

“ரெண்டு விரல் தள்ளிப் பாக்கலாம்” என்றார். அங்கே முதல் அடுக்கைத் தாண்டியது. மறுபடி கீச். மேல் அடுக்குக் கம்பி, கீழ் அடுக்கின் இடைவெளிக்கு நேராக உட்கார்ந்திருந்தது. அப்படித்தான் கட்டியிருந்தார். கீழே விட்டுப்போனதை மேலே பிடிக்க வேண்டும் என்று அவரே யோசித்து யோசித்துக் கட்டியது.

துளைக்கும் முனைகள் ஒடிந்தன. பெரியவன் போய்ப் புதிது வாங்கி வந்தான். தங்கை தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி ஏறினார். கூரை மூலை அம்மை போட்ட முகம் போல ஆயிற்று. எங்கே குத்தினாலும் அவர் கட்டியதே அவரைத் தடுத்தது.

ஒயர் சுருளோடு வந்து காத்திருந்த கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் சொன்னார். “ஐயா, கம்பியையே அறுத்துடலாம். அதுக்கு மெஷின் இருக்கு. ஒரு கம்பிதானே?”

மேஸ்திரி டிரில்லை நிறுத்தினார். “ஒரு கம்பிதானேன்னு சொன்னவன் பேச்சைக் கேட்டுத்தான் தம்பி…”

பலகையிலிருந்து இறங்கி, கொல்லைப்புறம் போய்க் கை கால் கழுவினார். வெகு நேரம் கழுவினார். அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தூள் படியாமல் மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது.

சின்ன மருமகள்தான் அவரிடம் வந்தாள். “விடுங்க மாமா. கதவைத் திறந்து வச்சுக்கிட்டே சமாளிச்சுக்கறேன்.”

“மழை வந்தா என்னம்மா பண்ணுவே?”

அவள் துடைப்பத்தை எடுத்துக் கீழே கிடந்த தூளைக் கூட்டத் தொடங்கினாள்.

மழை வந்தது. வந்தது என்றால் சாதாரண மழை இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. தெருப் பெரியவர்கள், ‘இரும்பு சொன்னால்தான் வேலை நடக்கும்’ என்று குடையும் கையுமாக மேஸ்திரி வீட்டுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தங்கை டீ கொண்டுவந்தாள். குழாயை எங்கே உடைப்பது, யார் வீட்டு வாசலைத் தோண்டுவது என்று பேச்சு சூடாகப் போனது.

வெளியே காற்று சாரலைப் படிக்கட்டுக்குள் வாரி அடித்தது. மேலே ஒரு இரும்புக் கதவு தடாலென்று சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. செங்கல்லைத் தண்ணீர் நகர்த்தியிருக்க வேண்டும். பின்னாலேயே இன்னொன்று.

சிறிது நேரத்தில் படியில் ஓட்டம். சின்ன மருமகள் நனைந்தபடி ஹாலுக்குள் வந்தாள். லேப்டாப்பைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். காதில் ஹெட்போன். வாய் மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தது.

“லைன்லயே இருங்கம்மா. வச்சிடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். வச்சிடாதீங்கம்மா.”

நேராக அந்த ஆறு கொம்புப் பெட்டி இருந்த மேஜைக்குப் போனாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வலது கையை வாசல் பக்கம் நீட்டி, வெளியே போகும்படி காட்டினாள். யாரும் அசையவில்லை. மறுபடி காட்டினாள். பிறகு ஒரு கையில் லேப்டாப்பை அணைத்தபடியே மறு கையை நெற்றி வரைக்கும் தூக்கிக் கும்பிட்டாள்.

அந்த வீட்டில் மருமகள் கையைக் காட்டி, பெரிய மனிதர்கள் எழுந்து போன வழக்கம் கிடையாது. வந்தவர்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரியின் முகம் இறுகியிருந்தது. அவர் எழுந்தால் எல்லோரும் எழுந்திருப்போம். அவர் எழவில்லை. ஒரு டம்ளரை யாரோ கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள். டாக்டர் பேசுகிறார் என்று நினைக்கிறேன். பிறகு பேசினாள். அது அவள் குரல்தான். ஆனால் அப்படி அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை.

“அம்மா, டாக்டர் சொல்றாங்க. உங்க பையனைக் காப்பாத்த எங்களால முடிஞ்சது எல்லாத்தையும் செஞ்சோம். முடியலை. அவர் இறந்துட்டார்.”

மழை பெய்துகொண்டிருந்தது.

“இல்லம்மா” என்றாள். “மயக்கம் இல்ல. இறந்துட்டார்.”

“ஐயோ, தாயே!”

அப்படிக் கத்தியது மேஸ்திரி. கூட்டாளியின் உடம்பை அள்ளியபோதுகூட அவர் வாய் திறக்கவில்லை என்று சொல்வார்கள். இப்போது, முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டார்.

சின்ன மருமகளின் தோள் ஒரு முறை விறைத்தது. எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என் மாமனார்ம்மா” என்றாள். “ஆமாம்மா. பக்கத்துலதான் இருக்கார். அவருக்குக் கேட்டுடுச்சு. மன்னிச்சிடுங்கம்மா.”

பிறகும் வெகு நேரம் அவள் பேசினாள். அந்த அம்மா கேட்டதை டாக்டரிடமும், டாக்டர் சொன்னதை அந்த அம்மாவிடமும். யார் கையெழுத்துப் போடுவது, எப்போது பார்க்கலாம், சட்டையை யாரிடம் கொடுப்பார்கள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசலுக்குப் போனோம். அப்போது போய் என்ன? சாக்கடையைப் பற்றி யாரும் பேசவில்லை. குடையை எடுக்காமலே இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள்.

அன்று லைன் அறுந்துபோகவில்லை. கடைசி வரைக்கும் நின்றது.

அவள் பேசுவதெல்லாம் பதிவாகும். பக்கத்தில் ஒரு ஆண்குரல் எப்படி வந்தது என்று கம்பெனியில் கேட்டார்கள். சின்னவன் ஷிப்டு முடிந்து வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

“டிவி ஓடிச்சுன்னு சொல்லியிருக்கலாமே!”

“அந்த அம்மாகிட்ட என் மாமனார்னு சொன்னேன்.”

“அவங்க எங்க வந்து கேக்கப்போறாங்க?”

“அவங்க கேக்க மாட்டாங்க. அன்னிக்கு அவங்ககிட்ட சொன்ன சேதியெல்லாம் டாக்டரோடது, என் மாமனார்ங்கறது ஒண்ணுதான் என்னோடது. அதைப் பொய்யாக்கச் சொல்றீங்களா?”

அவன் உட்கார்ந்துவிட்டான். பெரிய மருமகள் மூலையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். “நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கணும்” என்றாள். “நீங்க என்னக்கா பண்ணுவீங்க, காத்து அது” என்றாள் இவள். சின்ன மருமகளுடைய வேலை போய்விட்டது. அங்கே மட்டுமல்ல, அந்தத் தொழிலில் ரகசியம் காக்கத் தவறியவள் என்று ஒரு முறை ஆகிவிட்டால் வேறு எங்கும் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

மழை விட்ட மறுநாள் மேஸ்திரி யாரிடமும் சொல்லாமல் நெட் கடைக்குத் தனியாக நடந்தார். சாயங்காலம் கம்பத்தில் ஒரு ஆள் ஏறினான். புது ஒயர் கம்பத்திலிருந்து கிளம்பி, கீழ் வீட்டைத் தாண்டி, முதல் மாடியைத் தாண்டி, நேராக இரண்டாம் மாடி ஜன்னலுக்குள் போனது. மேஸ்திரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“லைன் யார் பேருல ஐயா?” என்று மேலேயிருந்து கேட்டான் அந்த ஆள்.

“என் சின்ன மருமக பேருல.”

தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என் மரவாடி வரைக்கும் வந்து, “என்ன, இரும்பு வீட்டுல ரெண்டாச்சு போலிருக்கே?” என்று இழுத்தார். “உள்ள போய் அடுப்பை எண்ணிட்டு வந்து பேசுங்க” என்று அனுப்பிவிட்டேன். இன்று வரை கேட்கிறவர்களுக்கு என் பதில் அதுதான். அந்த வீட்டில் அடுப்பு ஒன்றுதான்.

போன வாரம் மேஸ்திரியோடு இரண்டாம் மாடிக்கு ஏறினேன். இப்போதெல்லாம் காலையில் டீ குடித்ததும் அவர் மேலே போகிறார் என்று தங்கை சொல்லியிருந்தாள். மேஜை மேல் புதுப் பெட்டி, உள்ளங்கை அளவு. எடையே இருக்காது. வரிசையாகப் பச்சை விளக்குகள். சின்ன மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரியவள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

“உக்காரும்மா, உக்காரு.”

மேஸ்திரி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

“எல்லா விளக்கும் எரியுது.”

“ஆமா மாமா.”

“நேத்து காத்துக்குக்கூட நிக்கலை போல.”

“நிக்கலை மாமா. நல்லா எடுக்குது.”

அவர் போகவில்லை. மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

“அந்த அம்மா அப்புறம் என்ன பண்ணிச்சும்மா? கூட யாராவது இருந்தாங்களா?”

“தெரியாது மாமா.”

“விசாரிக்க முடியாதா?”

“முடியாது மாமா. அவங்க யாருன்னே நமக்குச் சொல்ல மாட்டாங்க.”

“ஒரு தடவை கேட்டுப் பாரேன்” என்றார் மேஸ்திரி. “இப்பதான் லைன் நல்லா இருக்கே.”